உயர்நிலைப் பள்ளியில் நாளிதழ்: வாசலில் இருந்து மாணவர் கைவரை

பள்ளிக்கு நாளிதழ் வரவழைப்பது சுலபம். முகவரிடம் சொன்னால் மறுநாளே வந்துவிடும். வந்த தாள் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் தலைமையாசிரியர் மேசைக்குப் போகும், அங்கிருந்து ஆசிரியர் அறைக்குப் போகும், மாலையில் அலமாரிக்கு மேலே ஏறிவிடும். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி தலைப்புகளை வாசிப்பாள். முந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் அன்றைக்குத் தாளைத் தொட்ட பிள்ளை அவள் ஒருத்திதான்.

ஆகவே கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்காக: ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்கு ஒரு முறையாவது முழுத் தாள் ஒன்றைக் கையில் பிடித்து, தன் கண்ணால் தேடிப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 6 முதல் 10 வரை வகுப்புகள் உள்ள, வகுப்புக்கு நாற்பது பேர் வரை இருக்கும் அரசு அல்லது உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

எத்தனை பிரதி, எவ்வளவு பணம்

தினமும் நான்கு பிரதி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூடுதலாகப் பத்துப் பிரதி. இதுவே போதும்.

தினசரி நான்கில் இரண்டு, நூலகத்துக்கு வரும் இரு வேறு தமிழ் நாளிதழ்கள். ஒன்று ஆங்கில நாளிதழ். நான்காவது ஆசிரியர் அறைக்கு. ஆசிரியர்களுக்கெனத் தனிப் பிரதி வைப்பதை வீண் செலவு என்று சிலர் நினைப்பார்கள். அது இல்லாவிட்டால் நூலகப் பிரதிதான் ஆசிரியர் அறைக்குப் போகும், மதியம் வரை திரும்பாது. யார் மேலும் வருத்தப்படாமல் மாணவர் பிரதியைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இல்லை.

வாராந்தரப் பத்துப் பிரதிக்குக் காரணம் தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. 16 பக்க நாளிதழ் என்பது நான்கு பெரிய தாள்கள். நாற்பது பேர் வகுப்பில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஒரு பிரதியைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு தாள் கிடைக்கும். பத்துப் பிரதியில் வகுப்பு முழுக்கக் கையில் தாளோடு இருக்கும். வகுப்புக்குத் தினமும் ஒரு பிரதி என்று வாங்கினால் செலவு கூடும், ஆனால் முதல் பெஞ்சில் இருக்கும் நான்கு பேர்தான் படிப்பார்கள். அதனால்தான் பத்தும் ஒரே நாளில் வரட்டும் என்கிறோம். வகுப்புக்கு ஒரு பிரிவு மட்டும் இருந்தால், அந்தப் பத்துப் பிரதியே ஒரே நாளில் ஐந்து வகுப்புகளையும் சுற்றிவரும். இரண்டு பிரிவுகள் இருந்தால் மறுநாளும் அதே கட்டைப் பயன்படுத்தலாம். ஒரு நாள் பழசான செய்தியால் பாடம் கெடுவதில்லை.

கணக்கு இப்படி வரும். ஒரு பிரதி சராசரியாக 8 ரூபாய், வேலைநாள் 220 என்று வைத்துக்கொண்டால், தினசரி நான்கு பிரதிக்கு 7,040 ரூபாய். தேர்வு வாரங்களைக் கழித்து 36 வாரத்துக்குப் பத்துப் பிரதி வீதம் 2,880 ரூபாய். ஆக ஆண்டுக்கு 9,920. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. நாளிதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அரசுப் பள்ளி என்றால் பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது, ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நூலக மானியம். பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை அதன் வரையறை. எதற்குச் செலவிடலாம் என்பது அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் இருக்கும். அதைப் படிக்காமல் நாளிதழுக்கு ஒதுக்கிவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். மேலும் மானியம் ஜூன் மாதமே வந்து விழுவதில்லை. முதல் மூன்று மாதச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்தோ முன்னாள் மாணவர்களிடமிருந்தோ திரட்டி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வரித் தீர்மானம் போட்டுவைத்தால் தலைமையாசிரியர் மாறினாலும் ஏற்பாடு நிற்காது.

நன்கொடையாளர் கிடைத்தால் ரொக்கமாக வாங்காமல், முகவருக்கே நேரடியாகச் சந்தா கட்டச் சொல்லி ரசீதின் நகலைப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். கடைப் பெயர் போட்ட பலகை, தாளில் முத்திரை என்ற நிபந்தனைகளை ஏற்க வேண்டாம். கட்சி நாளிதழை இலவசமாகப் போடுகிறோம் என்று வருபவர்களுக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவதே நல்லது. ஒன்றை ஏற்றால் அடுத்தவரை மறுக்க முடியாது. மாணவர்களிடம் கட்டாயமாகப் பணம் வசூலிப்பதை நினைக்கவே கூடாது. வீட்டில் நாளிதழ் வாங்க முடியாத பிள்ளைக்காகத்தான் இந்த வேலையே.

எந்த நாளிதழ், எந்தப் பதிப்பு

இரண்டு தமிழ் நாளிதழ்களும் செய்தியைச் சொல்லும் விதத்தில் வேறுபட வேண்டும். தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன், இந்து தமிழ் திசை ஆகியவற்றில் எதை எதோடு சேர்ப்பது என்பதை முடிவு செய்ய ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரே நாளின் தாள்கள் எல்லாவற்றையும் கடையில் வாங்கி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரிடம் கொடுத்து, ஆளுக்கு ஒரு செய்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தாளில் வாக்கியம் குறுகியது, எதில் தடுமாறுகிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்கள் சரளமாகப் படித்த ஒன்றையும், தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் கனமாக உள்ள ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். முதல் வகை 6, 7 வகுப்புகளுக்கு. இரண்டாவது 9, 10 வகுப்புகளுக்கும் ஆசிரியர்களுக்கும்.

உங்கள் மாவட்டச் செய்தி வரும் பதிப்பா என்று பாருங்கள். மாவட்ட எல்லையில் உள்ள ஊர்களுக்கு அடுத்த மாவட்டப் பதிப்பு வந்துவிடுவது உண்டு. தன் ஊர்ப் பெயர் அச்சில் வரும் தாளைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

நாளிதழ்கள் சிலவற்றுக்கு மாணவர் பதிப்போ இணைப்போ உண்டு: தினமலரின் பட்டம், இந்து தமிழ் திசையின் வெற்றிக்கொடி போன்றவை. பள்ளிகளுக்குச் சலுகைச் சந்தா இருக்கிறதா என்று மாவட்ட விற்பனைப் பிரிவில் கேட்கலாம். கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: குறைந்தபட்சம் எத்தனை பிரதி எடுக்க வேண்டும், விடுமுறை நாள் கழிக்கப்படுமா, முதன்மைத் தாளும் சேர்ந்து வருமா, பள்ளி வாசல்வரை யார் கொண்டுவருவார். மாணவர் இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது முழு நாளிதழுக்கு மாற்று ஆகாது. பிள்ளைகளுக்கென்று பொறுக்கித் தரப்பட்ட செய்தியில், எதைப் படிப்பது எதை விடுவது என்று தானே தீர்மானிக்கும் பழக்கம் வராது. பள்ளிக் கல்வித்துறையின் தேன்சிட்டு, ஆசிரியர்களுக்கான கனவு ஆசிரியர் ஆகிய இதழ்களை அதே வாசிப்பு மேசையில் பக்கத்தில் வைக்கலாம்.

முகவரோடு பேச வேண்டியவை

காலை ஆறு மணிக்குத் தாள் வரும், பள்ளிக் கதவு எட்டு மணிக்குத்தான் திறக்கும். இந்த இரண்டு மணி நேரத்தில்தான் தாள் காணாமல் போகிறது, நனைகிறது, காற்றில் பறக்கிறது. வாசல் கம்பியில் நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை, ஒன்றரை அடி நீளத்தில், வாய்ப் பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். பின்பக்கத்துக்கு ஒரு மூடி. சுருட்டிய நான்கு தாள்கள் அதில் நிற்கும், மழைநீர் உள்ளே தங்காது. பத்துப் பிரதிக் கட்டு அதில் அடங்காது, அதன் எடையே முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அந்த நாளில் மட்டும் பக்கத்துக் கடையிலோ பள்ளிக்கு அருகில் உள்ள மாணவர் வீட்டிலோ இறக்கச் சொல்லுங்கள்.

முகவரின் வழக்கமான பாதையில் இல்லாத கிராமத்துப் பள்ளி என்றால், நான்கு பிரதிக்காக மூன்று கிலோமீட்டர் வர அவருக்குக் கட்டாது. முதல் மாதம் வருவார், பிறகு விட்டுவிட்டு வருவார். முதலிலேயே பேருந்து நிறுத்தக் கடையில் போடச் சொல்லி, அந்த வழியாக வரும் ஆசிரியர் ஒருவர் எடுத்துவருவது நிலையான ஏற்பாடு.

ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காகத் திடீர் விடுமுறை அறிவித்தால் அன்றைய தாளுக்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் முகவர் முந்தைய நாளே பிரதி எண்ணிக்கையைச் சொல்லியிருப்பார். மாதப் பட்டியலைச் சரிபார்க்க ஒரு நோட்டு போதும்: தேதி, வந்த பிரதி, வந்த நேரம். ஒரு மாணவரிடம் அதை ஒப்படையுங்கள். பணத்தைக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்த ஏற்பாடு ஒரு பள்ளியில் பாதியில் நிற்கிறது என்றால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதப் பாக்கி சேர்ந்திருக்கும். காலாண்டுக்கு ஒரு முறை முன்பணம் கட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

தாளை எங்கே, எப்படி வைப்பது

விரித்த நாளிதழின் அகலம் இரண்டே கால் அடிக்கு வரும். மாணவர் மேசையின் ஆழமோ ஒன்றேகால் அடிகூட இருக்காது. எனவே நூலகப் பிரதிக்கு இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள சாய்வுப் பலகை ஒன்றைத் தாழ்வாரத்தில் வையுங்கள். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும். நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள். செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் வெயிலில் சில நாட்களிலேயே மஞ்சளாகி முறுகிவிடும்.

காலையில் தாள் வந்தவுடன் நடுமடிப்பை ஒட்டி மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையால் உள்தாள்கள் பிரிந்து போவது நிற்கும். முதல் பக்க மூலையில் பள்ளி முத்திரை, பக்கத்தில் தேதி. குறுக்கெழுத்தையும் சுடோகுவையும் யாரும் தாளிலேயே நிரப்பக் கூடாது, கட்டத்தை நோட்டில் வரைந்துகொள்ளட்டும். ஆசிரியர்களுக்கும் இதே விதிதான். நிரப்பி முடித்த புதிரைப் பார்க்கும் பிள்ளை அந்தப் பக்கத்தை மறுபடி திறப்பதில்லை.

படம் வெட்டுவது இன்னொரு பிரச்சினை. செயல்திட்டம் கொடுத்த வாரத்தில் தாள் சல்லடையாகிவிடும். ஏழு நாள் கழிந்த தாளை மட்டுமே வெட்டலாம் என்று விதி வையுங்கள். வேண்டிய படத்தின் தேதியையும் பக்கத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் எட்டாம் நாள் கிடைக்கும்.

வாரத்தில் ஒரு நாள், நாற்பது நிமிடம்

செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். நூலகப் பாடவேளையை அந்த நாளுக்கு மாற்ற முடிந்தால் நல்லது. கால அட்டவணையில் எழுதப்படாத எதுவும் அரையாண்டுத் தேர்வோடு மறைந்துவிடும். பத்தாம் வகுப்பு முதலில், ஆறாம் வகுப்பு கடைசியில் என்று வரிசை வைத்தால் மாலைவரை தாள் கிழியாமல் இருக்கும்.

இந்தப் பத்துப் பிரதிக் கட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். ஒவ்வொரு பிரதிக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுத்து, அதன் நான்கு தாள்களிலும் அதே எண்ணை வட்டமிட்டு எழுதுங்கள். முடிந்ததும் பிள்ளைகளே எண் பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். இடம் போதாத வகுப்பில் மேசைகளை ஒதுக்கித் தரையில் உட்கார்வதே வசதி.

முதல் பத்து நிமிடம் அவர்கள் விருப்பம். கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும்தான் போவார்கள், போகட்டும். அந்தப் பத்து நிமிடத்தைப் பறித்தால் இது இன்னொரு பாடமாகிவிடும். அடுத்த பதினைந்து நிமிடம் ஒரு வேலை, பிறகு பத்து நிமிடம் குழுக்கள் பேசுவது, மீதி நேரம் தாளைச் சேர்த்து அடுக்குவது.

முதல் மாத வேலைகள் தாளையே அறிந்துகொள்வதற்கானவை. முதல் வாரம்: எந்த ஊர்ப் பதிப்பு, தலையங்கம் எந்தப் பக்கம், ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர் எங்கே சிறிய எழுத்தில் இருக்கிறது. இரண்டாம் வாரம்: செய்தி எது, கருத்து எது, விளம்பரம் எது. செய்தி போலவே அமைக்கப்பட்டு ஓரத்தில் சிறிதாக விளம்பரம் என்று போட்டிருக்கும் பகுதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம்: இதை யார் சொன்னார்கள்? ‘போலீசார் தெரிவித்தனர்’, ‘என்று கூறப்படுகிறது’, ‘அமைச்சர் கூறினார்’ போன்ற இடங்களை அடிக்கோடிட வைத்தால், யார் சொன்னது என்றே இல்லாத வாக்கியங்கள் தாமாகக் கண்ணில் படும். நான்காம் வாரம் நூலகத்தின் இரண்டு தமிழ் நாளிதழ்களிலும் ஒரே சம்பவம் எப்படி வந்திருக்கிறது என்று ஒப்பிடலாம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தலைப்பு, படக்குறிப்பு, வானிலைக் கட்டம் ஆகியவற்றில் வேலை கொடுங்கள். எழுத்துப் பெரிது, வாக்கியம் சிறிது, பக்கத்தில் படம் துணை நிற்கும். உரக்கப் படிக்கச் சொல்லி எல்லார் முன்னும் நிறுத்த வேண்டாம்.

பாடத்தோடு சேர்க்க ஓர் உதாரணம்

மேட்டூர் அணைச் செய்தி ஆண்டின் பல மாதங்கள் வந்துகொண்டே இருக்கும். அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. செய்தியில் நீர்வரத்து, திறப்பு, நீர்மட்டம், இருப்பு என நான்கு எண்கள் இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு அவை போதும்.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால் 11,574 வரும். அதாவது விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி. இப்போது விநாடிக்கு வரத்து 6,500, திறப்பு 12,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். நிகரக் குறைவு 5,500. அதை 86,400 ஆல் பெருக்கினால் 47.52 கோடி கன அடி, ஏறக்குறைய 0.48 டிஎம்சி. நாளைய தாளில் இருப்பு எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மறுநாள் நூலகப் பிரதியை ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். சரியாகப் பொருந்தாது. ஆவியாதல், நாளின் நடுவே வரத்தும் திறப்பும் மாறியது, அளவெடுத்த நேரம் என்று காரணங்களைத் தேடும்போது கணக்கும் புவியியலும் ஒன்றாக நடக்கும். நீர்மட்டம் ஓர் அடி குறைவது 110 அடியில் இருக்கும்போதும் 50 அடியில் இருக்கும்போதும் ஒரே அளவு நீரைக் குறிக்குமா என்ற கேள்வி பத்தாம் வகுப்புக்கு.

பத்தாம் வகுப்புத் தமிழில் நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் பயிற்சி உண்டு. அதைத் தேர்வுக்காக மட்டும் எழுதாமல் உண்மையாகவே அனுப்புங்கள். தெருவிளக்கு, பேருந்து நேரம் போன்ற உள்ளூர் விஷயம், நூறு சொல்லுக்குள், வகுப்பும் பள்ளிப் பெயரும் இருந்தால் வெளிவர வாய்ப்பு அதிகம். ஆங்கில நாளிதழ் தமிழ்வழிப் பள்ளியில் மடிப்புக் கலையாமல் கிடப்பதற்குக் காரணம் அதை முழுதாகப் படிக்கச் சொல்வதே. தமிழில் ஏற்கெனவே படித்த கிரிக்கெட் செய்தியின் ஆங்கில வடிவத்தை மட்டும் கொடுத்தால், என்ன நடந்தது என்று முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல் தடுக்காது.

கவனம் தேவைப்படும் செய்திகள்

பொறுப்பாசிரியர் காலையில் ஐந்து நிமிடம் தாளைப் புரட்டிவிட வேண்டும். பக்கத்தைக் கிழித்து எடுப்பதற்காக இல்லை, கிழித்தால் அதைத்தான் வெளியே தேடிப் படிப்பார்கள். என்ன கேள்வி வரும் என்று தெரிந்து வைத்திருக்கத்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் செய்தி வந்தால், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது என்று, அத்தகைய குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23 சொல்வதை விளக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐத் தாழ்வாரத்து வாசிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். தேர்வு முடிவு நாட்களில் தற்கொலைச் செய்தி வந்தால் அதை வகுப்பு விவாதத்துக்கு எடுக்காதீர்கள். யாராவது கலங்கியிருந்தால் தனியே பேசுங்கள். மனநல உதவிக்கு 14416, 104 ஆகிய எண்கள் இருக்கின்றன. சாதி மோதல், தேர்தல் செய்திகளில் ஆசிரியர் தன் சார்பைச் சொல்ல வேண்டியதில்லை. யார் சொன்னது, எதிர்த்தரப்பிடம் கேட்டார்களா என்ற மூன்றாம் வாரக் கேள்விகளே இங்கும் துணை.

ஆசிரியர்களுக்கும் இ-பேப்பருக்கும்

ஆசிரியர் அறைப் பிரதி மாலையில் வெட்டுக் கோப்பாகட்டும். பாடத்துக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு வெட்டிலும் நாளிதழ் பெயர், தேதி, பக்கம். மைதாப் பசை வேண்டாம், வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும்.

ஹைடெக் ஆய்வகம் எனப்படும் கணினி அறை உள்ள பள்ளியில் இ-பேப்பரைத் திரையில் காட்டலாம். மற்ற மாவட்டப் பதிப்புகளை ஒப்பிட அது நல்ல கருவி. ஆனால் தனிநபர் சந்தாவில் இறக்கிய முழு பிடிஎஃப்பை வாட்ஸ்ஆப் குழுவில் பரப்புவது பதிப்புரிமை மீறல். வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு செய்தியை நகலெடுத்துக் கொடுக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 இடம் தருகிறது, அந்த எல்லைக்குள் நிற்கலாம். பணமே கிடைக்காத பள்ளிக்கு இன்னொரு வழி ஊர்க் கிளை நூலகம். முந்தைய நாள் தாள்களை மாணவர் பார்வைக்குத் தர முடியுமா என்று நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பழைய தாள்

ஒரு மாதத் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்தால் போதும். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அரை அடி தள்ளி இருக்கட்டும், கரையான் எளிதில் எட்டாது. பிறகு எடைக்குப் போட்டு, வந்த தொகையைப் பதிவேட்டில் எழுதி அடுத்த காலாண்டுச் சந்தாவில் சேருங்கள். சத்துணவிலோ சிற்றுண்டிக் கடையிலோ உணவு வைக்கவோ எண்ணெய் ஒற்றவோ இந்தத் தாள் போகக் கூடாது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருட்கள் காரணமாக உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்திருக்கிறது.

ஆண்டுத் தேர்வு தொடங்கும் வாரத்திலேயே, எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும், ஜூனில் எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்று முகவருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மே மாதம் முழுக்கப் பூட்டிய வாசலில் தாள் விழும், அதற்கும் பட்டியல் வரும்.